ஹெல்மெட் போட்ட பொம்மையும் நான் நகர்த்திய பலகையும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், பாதி கட்டிய ஒரு வீட்டின் முகப்பில் திருஷ்டி பொம்மை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வைக்கோல் உடம்பு, பானைத் தலை, கரியில் வரைந்த முறுக்கு மீசை... எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் தலையில் மட்டும் புத்தம் புதிய மஞ்சள் ஹெல்மெட்!

அந்த ஹெல்மெட் நான் வாங்கிக் கொடுத்தது.

பொம்மைக்கு அல்ல. மனிதர்களுக்கு.

வீடு என் தம்பியுடையது. அவன் ராணுவத்தில் இருக்கிறான். வடக்கே எங்கோ ஒரு குளிரில் குடும்பத்தோடு இருந்துகொண்டு, இங்கே வெயிலில் வீடு கட்டுகிறான். போனில்தான் கட்டுகிறான் என்று சொல்ல வேண்டும்.

"அக்கா, ராஜபாளையத்துல பஸ் ஏறுனா அரை மணி நேரம். தெனமும் செத்த நேரம் போய் நின்னு பாரேன். நீ நின்னாலே போதும்" என்றான்.

பஞ்சாலை ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் அடுக்கி ரிட்டயர் ஆனவள் நான். இப்போது வாரம் ஒரு முறை இந்தப் பத்தியில் உங்களோடு அரட்டை அடிப்பதைத் தவிர பெரிய உத்தியோகம் எதுவும் கிடையாது. அது அவனுக்கும் தெரியும். ராணுவத்துக்காரன் கெஞ்சினாலும் உத்தரவு போட்டது மாதிரிதானே இருக்கிறது? சரி என்றேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. சிமென்ட் மூட்டை ஈரத்தில் படக் கூடாது. செங்கலை நனைத்துத்தான் வைக்க வேண்டும். மணலில் மண் கலந்திருக்கிறதா என்று கையில் எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். தளத்துக்குத் தினமும் தண்ணீர் விடுகிறார்களா என்று கவனிக்க வேண்டும். இப்படியே நீளமாகப் போனது. வேலை செய்கிற ஆட்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அது எனக்கும் அப்போது உறைக்கவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

தினமும் பத்து மணி வாக்கில் போய் இறங்குவேன். முதல் வாரமே கண்டக்டர் கேட்டுவிட்டார் — "என்னம்மா, தெனமும் பால்கோவாவா?"

இரண்டாவது வாரம், சாரத்துக்குக் கீழே நின்று செங்கல் நனைந்திருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து ஒரு அரைச் செங்கல் என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் இந்தப் பத்தியை வேறு யாராவதுதான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்குத்தான் எனக்குப் பாதுகாப்பு ஞானம் பிறந்தது. நம்முடைய தலைக்கு வந்தால்தானே நமக்கு எதுவுமே புரிகிறது? மறுநாளே ஆளுக்கு ஒன்று என்று ஹெல்மெட் வாங்கிக்கொண்டு போய் இறக்கினேன்.

கொத்தனார் சண்முகவேல் ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பது வயசுக்காரர். வேலையில் சுத்தம். பேச்சில் தேன்.

"அருமையான சாமான் யக்கா. இதெல்லாம் யாரு வாங்கித் தாரா?" என்று பாராட்டினார்.

ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறேன்... ஒரு ஹெல்மெட்டில் தண்ணீர் மொண்டு சுவரை நனைக்கிறார்கள். இன்னொன்றில் ஆணி கிடக்கிறது. மூன்றாவது, நான் சொன்னேனே, பொம்மையின் தலையில்.

"என்ன கொத்தனாரே இது?"

"காக்கா கொத்திக் கொத்திப் பானை ஓட்டையாப் போகுதுக்கா. இது போட்டா ஒடையாதுல்லா" என்றார். முகத்தில் துளி சிரிப்பு இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட வேறொன்று அதிகமாகக் குடைந்தது. ஏன் போட மாட்டேன் என்கிறார்கள்? வெயிலா? கனமா? வெட்கமா? உயிர்மேல் அக்கறை இல்லையா? நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து இப்படி நாலு பதில் வைத்திருப்போம், இல்லையா? சரி, போடாதவர்களிடமே கேட்டுப் பார்ப்போமே என்று பேச்சியம்மாளிடம் போனேன்.

பேச்சியம்மாள் சித்தாள். நாற்பது வயதிருக்கும். சேத்தூரிலிருந்து வருகிறாள். அவளும் அவளுடைய நாத்தனார் செல்வியும் ஒன்றாக முதல் பஸ்ஸில் வந்துவிடுவார்கள். செல்வி கீழே மணல் சலித்துக் கொடுக்க, ஒரு ஆள் கலவை போடுவான். பேச்சியம்மாள் அதைச் சட்டியில் வாங்கித் தலையில் வைத்து மாடிக்கு ஏறுவாள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஏற்றமும் இறக்கமும்தான்.

"ஏன் பேச்சி, ஹெல்மெட் போட்டா என்ன?"

அவள் துண்டைச் சுருட்டிச் சும்மாடு ஆக்கினாள். ஒரு ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அதன்மேல் சும்மாட்டை வைத்தாள். அது வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

"சட்டிய எங்க வைக்க யக்கா?" என்று கேட்டாள்.

அவளுடைய தலை, பாதுகாக்க வேண்டிய இடம் மட்டுமில்லை. சுமை ஏற்றும் இடமும் அதுதான். உருண்டையான வழுக்குப் பிளாஸ்டிக்கின்மேல் கலவைச் சட்டி எப்படி நிற்கும்? நான் சாமானைக் கடையில் பார்த்தேனே தவிர, அது போய் உட்கார வேண்டிய தலையைப் பார்க்கவே இல்லை.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா?

மாடியில் ஒரு டக்ட் இருந்தது. அதாவது, குழாய் இறங்கவும் கீழே வெளிச்சம் வரவும் தளத்தில் விட்டிருந்த சதுரமான திறப்பு. ஒரு ஆள் தாராளமாக இறங்கிவிடலாம். எட்டிப் பார்த்தால் கீழ்த்தளத்து அறை தெரியும். சுற்றிலும் தடுப்பு எதுவும் கிடையாது. மூடச் சொல்லி இரண்டு தடவை கேட்டிருந்தேன். "குழாய்க்காரன் வாரேன்னுருக்கான் யக்கா, அவன் வந்துட்டுப் போகட்டும், பொறவு மூடிருவோம்" என்று இரண்டு தடவையும் ஒரே பதில்.

மாடிப்படி ஏறி நேராக நடந்தால் அந்தத் திறப்புதான் வரும். அதற்கு மூன்று எட்டு முன்னால், நடைபாதைக்குக் குறுக்கே தளம் வார்க்கும்போது அடியில் அடித்திருந்த பழைய சென்ட்ரிங் பலகை ஒன்று கிடந்தது. காய்ந்துபோன சிமென்ட் ஒட்டிக் கறுத்துப் போயிருந்தது. எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டித்தான் போனார்கள். தாண்டியதும் இடது பக்கம் திரும்பினால் பூச்சு வேலை நடக்கிற அறை.

எனக்கு அதைப் பார்த்ததும் கை அரித்தது. முப்பது வருஷம் ஃபைல் அடுக்கிய கை அல்லவா? கோணலாக எதுவும் கிடக்கக் கூடாது. தலையில் பாரத்தோடு வருகிறவர்கள் இதில் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும்?

அன்றைக்குக் கொத்தனார் அறைக்குள் சுவரைப் பார்த்து நின்று பூசிக்கொண்டிருந்தார். நானே பலகையை இழுத்தேன். சும்மா ஓரமாகப் போடவில்லை... அங்கேதான் என் புத்திசாலித்தனம்! அந்தத் திறப்பின் விளிம்போடு ஒட்டினாற்போல வைத்தேன். தடுப்புக்குத் தடுப்பும் ஆயிற்று, நடைபாதையும் சுத்தமாயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த சந்தோஷத்தில் கையைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

பேச்சியம்மாள் படியேறி வந்தாள். தலையில் நிறைந்த சட்டி. கழுத்து விறைத்து நிமிர்ந்திருக்க, பார்வை நேராக எதிர்ச் சுவரில் இருந்தது. வேகமான, பழகிய நடை. பலகை வழக்கமாகக் கிடக்கும் இடத்தைத் தாண்டினாள். இன்னும் ஓர் எட்டு. இன்னும் ஓர் எட்டு.

பலகை அவள் கால்விரலில் தட்டியது.

அவள் நின்றிருக்க வேண்டும், இல்லையா? பலகை தட்டினால் நாமெல்லாம் நிற்போம். ஆனால் அவள் நிற்கவில்லை. தினமும் செய்வதைப்போலக் காலைத் தூக்கி அதைத் தாண்டி வைத்தாள்.

நான் கத்த வாயைத் திறப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

வலது கால் உள்ளே போய்விட்டது. எப்படித்தான் செய்தாளோ, சட்டியை முன்னால் எறிந்துவிட்டு உடம்பைப் பின்னால் சாய்த்தாள். இடுப்பு பலகைக்கு இந்தப் பக்கம் 'தொப்'பென்று விழுந்தது. இரண்டு கையாலும் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சட்டி திறப்பு வழியாகக் கீழே போய் விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

கீழே... செல்வி! வெளியே மலைக்காற்றில் மணல் பறக்கிறது என்று, காற்றுக்கு மறைவாக அந்த அறைக்குள்தான் அவள் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொத்தனார்தான் ஓடி வந்து பார்த்தார். சல்லடைமேல் சட்டி கவிழ்ந்து கிடந்தது. ஆள் இல்லை. தண்ணீர் குடிக்கத் தெருக் குழாய்க்குப் போயிருந்தாள்.

பேச்சியம்மாளைப் பிடித்துத் தூக்கினோம். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. கொத்தனாருக்குப் பயம், பயத்தில் கோபம்.

"ஏட்டி, கண்ண எங்கட்டி வச்சிருந்த? தெனமும் நடக்குற எடம்தான? தலை கிலை சுத்துச்சா?"

"இல்லண்ணே... எப்படின்னு தெரியல. என் கவனக் கொறவுதான்" என்றாள் அவள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசாமல் நின்றேன். பலகையை நகர்த்தியது நான்தான் என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடியை நான் கொடுக்கவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஆட்டோவில் அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு எட்டு கூட வருதேன்னு நெனச்சேன். பொறவு பலகை தட்டுச்சா... சரி, வந்துட்டோம்னு தாண்டிட்டேன்."

"பலகை தட்டினா நிக்கணும்னுதானே தோணும் பேச்சி?"

"நிக்கதுக்கா பலகை? அது அடையாளம்லா யக்கா. தலையில சட்டி இருந்தா குனிய முடியுமா? கண்ணு நேராத்தான் பாக்கும். கீழ பாக்குறது காலுதான். காலுல பலகை தட்டுச்சுன்னா தாண்டி இடது பக்கம் திரும்பணும். சென்ட்ரிங் பிரிச்ச அன்னைக்கே நானும் செல்வியும் போட்டு வச்சது."

அது குப்பையாகக் கிடந்த பலகை இல்லை! அவர்களே யோசித்து, அவர்கள் காலுக்கென்று வைத்துக்கொண்ட அடையாளம். நான் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு போய் அவர்களுடைய பாதுகாப்பைப் பிடுங்கி, குழிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். "பேச்சி, அதை நகர்த்தினது நான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி, நான் எதிர்பார்த்தது இல்லை.

"இத எல்லாரு முன்னாடியும் சொல்லுவியளா?"

"என்ன?"

"தலை சுத்துச்சான்னு அண்ணன் கேட்டாரே, அந்த ஒரு பேச்சு வெளிய போச்சுன்னா போதும். பேச்சிக்குத் தலை சுத்துதுன்னு ஆயிரும். பொறவு ஒரு சைட்டுலயும் என்ன மேல ஏத்த மாட்டாவ. எந்தக் கொத்தனாரும் கூப்பிட மாட்டாவ யக்கா. காலு ஆறிரும். அந்தப் பேரு ஆறாது."

காலில் ரத்தம் வழிய வழிய அவள் கவலைப்பட்டது அதற்குத்தான். நான் வாயை மூடிக்கொண்டு நின்ற நேரத்தில் அவளுடைய பிழைப்பு என் வாய்க்குள் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அவள் என் கையைப் பிடித்து, "எலும்பு ஒண்ணும் முறியல, அழாதிய" என்றாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று பாருங்கள்!

எலும்பு தப்பித்திருந்தது. ஊசி போட்டுக் கட்டுக் கட்டி அனுப்பினார்கள்.

மறுநாள் டீ நேரத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது சொன்னேன். "பேச்சிக்குத் தலை சுத்தல. பலகையை நான்தான் இடம் மாத்தி வச்சேன். யாரையும் கேக்கல. தப்பு என்னுது" என்றேன்.

செல்வி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றாள். அவ்வளவுதான்.

"நான் அன்னைக்கே குழிய மூடியிருந்தா நீங்க பலகையத் தொட்டிருக்க மாட்டிய. எம்மேலயும் இருக்குக்கா" என்று கொத்தனார் எழுந்தார். குழாய்க்காரனுக்காகக் காத்திருக்கவில்லை. அன்று மத்தியானமே திறப்பின்மேல் கம்பி வலை கட்டி, அதன்மேல் கனமான பிளைவுட் அடித்து மூடினார். மாடிப்படிக்குக் கைப்பிடியாகச் சவுக்குக் கம்பும் கட்டினார்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. தலையில் சட்டி இருந்தால் உண்மையிலேயே என்ன தெரியும்? எல்லோரும் போன பிறகு, பாதிச் சட்டி மணலைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த நடைபாதையில் நடந்து பார்த்தேன்.

எதிர்ச் சுவர் தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பொம்மையின் ஹெல்மெட் தெரிந்தது. தரை இல்லை! என் கால்களே எனக்குத் தெரியவில்லை. பத்து எட்டு வைப்பதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. அவளோ இதைச் சாயங்காலம் வரை செய்கிறாள், நடுநடுவே செல்விக்குப் பதிலும் சொல்லிக்கொண்டு!

நாம் எல்லோரும் வீடு கட்டும்போது மேற்பார்வை பார்க்கிறோம். சிமென்ட்டை, கம்பியை, செங்கலைப் பார்க்கிறோம். சுவர் ஒரு நூல் சாய்ந்தால் கண்டுபிடித்துவிடுகிறோம். அந்தச் சுவருக்குக் கலவை கொண்டுவருகிறவளுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? நான் கேட்கவில்லை. ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்துப் பேச்சியம்மாள் வேலைக்கு வந்தாள். அன்றைக்கு நான் பத்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு, விடிவதற்கு முன்னாலேயே கிளம்பி அவர்களுக்கு முன்பே போய்விட்டேன். அப்போதுதான் இத்தனை நாள் எனக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்தேன். வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் வெறுந்தலையோடு மாடிக்கு ஏறி, வழி முழுக்க ஒரு தடவை மெதுவாக நடக்கிறாள். குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். எங்கே மேடு, எங்கே கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, நேற்றைக்கு இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்று காலுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஒரு நடை. அதற்குப் பிறகுதான் சும்மாடு.

அவளுக்குப் பின்னாலேயே நானும் நடந்தேன்.

பலகை பழைய இடத்துக்கே வந்திருந்தது. "குழிதான் மூடியாச்சே, இது எதுக்குட்டி?" என்று கேட்டார் கொத்தனார். "இருக்கட்டும்ணே, காலுக்குப் பழகிருச்சு" என்று சொல்லிவிட்டாள்.

ஹெல்மெட்டுக்கும் அவளே வழி சொன்னாள். "சொமக்குற எங்களுக்குத்தான் யக்கா ஆகாது. கீழ மணல் சலிக்கிறவளுக்கும் கலவை போடுறவனுக்கும் என்ன? அவிய தலைமேலதான எல்லாம் விழுது?" நியாயம்தானே? இப்போது செல்வி ஹெல்மெட்டோடுதான் சலிக்கிறாள். ஆணி கொட்டி வைத்ததும் தண்ணீர் மொண்டதும் கழுவித் துடைத்துத் தலைகளுக்குப் போய்விட்டன. பொம்மைதான் பாவம்... மறுபடி காக்காயிடம் கொத்து வாங்குகிறது.

பேச்சியம்மாள் மட்டும் தினமும் முதல் சட்டியைத் தூக்குவதற்கு முன்னால் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள்.

"யக்கா, எதையும் நகட்டலயே?"

"இல்லம்மா."

அதைக் கேட்ட பிறகுதான் சட்டி தலைக்கு ஏறும். ஓரத்தில் ஒரு மண்வெட்டி கோணலாகக் கிடந்தாலும் இப்போதெல்லாம் நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விடுகிறேன்.

நேற்று தம்பி போன் பண்ணினான். "அக்கா, விடியக் காலையிலயே பஸ் ஏறிடுறியாமே! அங்க போய் அப்படி என்னதான் பண்ணுத?"

"நீ சொன்னதுதான்டா. நிக்கேன்" என்றேன். "கேக்காம எதையும் தொடாம நிக்கேன்."